குளம்படி கேட்கும் தூரம்

அழகர்மலை அடிவாரத்தில் கள்ளழகர் கோயிலின் ராஜகோபுர வாசல் வழக்கமாகச் சாத்தியே கிடக்கும். அந்தக் கதவுகள்தான் பதினெட்டாம்படிக் கருப்பசாமி. உருவச் சிலை கிடையாது. ஆளுயரத்தை மிஞ்சிய மரக்கதவுக்குச் சந்தனம் பூசி, மாலை சாத்திக் கும்பிடுகிறார்கள். கொடுக்கல் வாங்கலில் தகராறு முற்றினால், "வா, கருப்பன் வாசல்ல வந்து சத்தியம் பண்ணு" என்பதுதான் மதுரைச் சீமையில் கடைசி அஸ்திரம். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவனுக்கும் அங்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கதவுக்குப் பின்னால் அவன் எதையும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பயம் குறைந்திருக்கலாம்.

கண்ணால் பார்க்காத இந்தப் பயத்தைக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்த தொடர் 'மர்மதேசம்'. 1990களின் பிற்பாதியில் சன் டி.வி.யில் வாராவாரம் வந்தது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. கதை, மதுரையிலேயே வாழ்ந்து 2024 நவம்பரில் மதுரையிலேயே மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனுடையது. அதன் பாகங்களில் 'ரகசியம்', 'விடாது கருப்பு' இரண்டையும் நாகா இயக்கினார். சேத்தன், தேவதர்ஷினி என்ற நடிகர்களின் பெயர்களை வீட்டுக்கு வீடு தெரியவைத்தது இந்த இரண்டாவது பாகம். 'விட்டு விடு கருப்பா' என்ற நாவல்தான் அதற்கு மூலம். ஒரு கிராமத்தில் தப்புச் செய்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கருப்பசாமியே வெள்ளைக் குதிரையேறி வந்து தண்டிப்பதாக ஊர் நம்புகிறது. கொன்றது தெய்வமா, மனிதனா? முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இதைப் பார்த்தவர்களுக்கு இன்று நாற்பது வயதை ஒட்டியிருக்கும். பல கதாபாத்திரங்களின் பெயர் அவர்களுக்கு மறந்திருக்கும். குளம்படிச் சத்தம் மட்டும் மறக்கவில்லை. அதைவிட வியப்பு, தொடர் முடிந்தபின் பிறந்தவர்களும் இப்போது இதைத் தேடிப் பார்ப்பது. கவிதாலயாவின் யூடியூப் சேனல் வழியாக அது கைப்பேசிக்கு வந்துவிட்டது. வரைகலையும் பெரிய செட்டும் இல்லாத ஒரு பழைய தொடருக்கு இந்த ஆயுள் எப்படி வந்தது? பதில் பெரும்பாலும் நம் மண்டைக்குள் இருக்கிறது.

முதலில் அது வீட்டுக்கு வந்து சேர்ந்த வழியைப் பார்த்துவிடலாம். தரையிலிருந்து கிளம்பிய சிக்னல் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருக்கும் செயற்கைக்கோளுக்குப் போய், திரும்ப மதுரையின் கேபிள் ஆபரேட்டர் மொட்டை மாடியில் வைத்திருந்த டிஷ்ஷுக்கு வந்தது. போய்வரக் கால் விநாடி. அங்கிருந்து தெருவுக்குத் தெரு, மாடிக்கு மாடி கறுப்பு வயர். ஒவ்வொரு மீட்டருக்கும் சிக்னல் கொஞ்சம் இளைக்கும். அதைத் தேற்ற நடுவில் ஆம்ப்ளிஃபயர் வைப்பார்கள். அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைக் கூட்டவும் செய்யும். லைனின் கடைசி வீட்டுக்குப் போகும்போது படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். கேபிள்காரரைத் திட்டியபடியே பார்ப்பார்கள்.

திகில் கதைக்கு அந்தப் புள்ளிகள் கெடுதல் செய்யவில்லை. கண் தருவது அரைகுறைத் தகவல்தான், மிச்சத்தை மனம் தன்னையறியாமல் ஊகித்துப் பூர்த்தி செய்கிறது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னார். இன்றைய நரம்பியலின் பெரும்பகுதி அந்த வழியில்தான் போகிறது. வரும் தகவல் தெளிவில்லாமல் இருந்தால், மூளை பழைய அனுபவத்தின் மேல் அதிகம் சாயும். இருட்டில் ஒரு நிழல் அசைந்தால் அதை என்னவாகப் பார்ப்போம் என்பது, நாம் எந்த ஊரில் வளர்ந்தோம் என்பதைப் பொறுத்தது. மேலூர், திருப்புவனம், உசிலம்பட்டி என்று மதுரையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கண்மாய்க் கரையில் அய்யனார் கோயில், சுட்டமண் குதிரைகள், நட்டுவைத்த அரிவாள். ராத்திரியில் அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லும் அப்பத்தா. ஒரு முகம் அறியாத உருவத்தை அரை நொடி காட்டிவிட்டு நாகா அடுத்த காட்சிக்குப் போனால் போதும், மீதியை வரைந்துகொள்ள இந்த மண்ணில் எல்லோரிடமும் சரக்கு இருந்தது.

இனி அந்தக் குளம்படி. குதிரை நடக்கும்போது நான்கு தட்டு. துள்ளு நடையில் இரண்டு. மெதுவோட்டத்தில் மூன்று தட்டு, அப்புறம் நான்கு கால்களும் தரையில் படாத ஒரு கணம், அதாவது ஒரு சின்ன மௌனம். திரும்பவும் மூன்று தட்டு. தாளம் பிடிபட்டதும் அடுத்த தட்டு எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட ஆரம்பிக்கிறது. அந்த மௌனத்திலும் காது காத்திருக்கும்.

சத்தம் நெருங்கி வந்தால் விஷயம் இன்னும் தீவிரமாகிறது. 1998இல் ஜான் நியூஹாஃப் என்ற உளவியலாளர் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார். சுருதியுள்ள ஓர் ஒலியின் அளவைப் படிப்படியாகக் கூட்டினார். பிறகு அதே அளவு குறைத்தார். இரண்டிலும் மாற்றம் ஒன்றுதான். ஆனால் கேட்டவர்கள், கூடும்போது மாற்றம் அதிகம் என்று சொன்னார்கள். நம்மை நோக்கி வருவதை, விலகிப் போவதைவிடப் பக்கத்தில் இருப்பதாகக் கேட்கிறோம் என்று அவருடைய பின்னாளைய சோதனைகள் காட்டின. 2002இல் ரீசஸ் குரங்குகளிடமும் இதைப் போன்ற நாட்டம் தெரிந்தது. காரணம் ஊகிக்க எளிது. புலி வருகிறது என்று ரெண்டு விநாடி முன்னதாகத் தப்பாக நினைத்தவன் பிழைத்தான். ரெண்டு விநாடி தாமதமாகச் சரியாக நினைத்தவனுக்கு வம்சம் இல்லை. ஆக, டி.வி.க்குள் குதிரை தெருமுனையில் இருக்கும்போதே பார்ப்பவருக்கு அது வாசலுக்கு வந்தாயிற்று.

அப்போது வீட்டில் ஒருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்களே, அதையும் ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசன் குழு, ஸ்கேனருக்குள் படுத்தவர்களுக்குப் பல காட்சிகளைப் போட்டுக் காட்டி, 2008இல் முடிவை வெளியிட்டது. அவற்றில் ஒன்று ஹிட்ச்காக்கின் புகழ்பெற்ற டி.வி. குற்றத்தொடரின் ஓர் எபிசோட். அதைப் பார்த்தபோது, வெவ்வேறு ஆட்களின் மூளைப் புறணியில் ஏறக்குறைய 65 சதவீதப் பரப்பு ஒரே ஏற்ற இறக்கத்தோடு இயங்கியது. ஒரு நகைச்சுவைத் தொடருக்கு 18 சதவீதம். ஒரு பூங்காவில் கேமராவைச் சும்மா வைத்து எடுத்த காட்சிக்கு 5 சதவீதத்துக்கும் கீழே. பார்ப்பவர்களை ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்க்கவும், ஒன்றையே எதிர்பார்க்கவும் வைப்பது எடிட்டிங்கின் வேலை. அந்த அரைமணி நேரம் கூடத்தில் இருந்த தாத்தாவும் பேத்தியும் கிட்டத்தட்ட ஒரே மனதோடு இருந்தார்கள் என்று சொன்னால் அதில் மிகை அதிகமில்லை.

அடுப்பில் பால் பொங்கியது தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. 2015இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள், திகில் காட்சியை நடுவில் ஓடவிட்டு, சுற்றிலும் கட்டம் போட்ட ஒரு கோலத்தை மினுக்கினார்கள். பரபரப்பு ஏற ஏற, சுற்றுப்புறத்தைக் கவனிக்கும் பார்வைப் பகுதியில் இயக்கம் தணிந்தது. கவனம் குறுகி, கதை மட்டும் மிஞ்சியது.

இதெல்லாம் திரை ஓடும்போது நடப்பது. ரசிகர்கள் உருவானது அது ஓடாத ஆறு நாட்களில். ஆபீஸில், பஸ் ஸ்டாப்பில், பள்ளிக்கூட மரத்தடியில், "அவன்தான்டா கொல்றான்", "இல்ல, அந்தாளு மேலதான் எனக்கு டவுட்" என்று வாரம் முழுக்க வழக்கு நடக்கும். பாக்கெட் நாவலில் ராஜேஷ்குமாரையும் சுபாவையும் வாசித்துத் தேறிய வாசகர் கூட்டம் அது, துப்புத் துலக்குவது அவர்களுக்குப் புதிதல்ல. அந்தப் பேச்சுதான் கதையை நினைவில் ஆழமாகப் பதித்தது. இடைவெளி விட்டுப் படித்தது நிலைக்கும் என்பதை 1885லேயே எபிங்ஹாஸ் காட்டிவிட்டார். தொடர் பார்ப்பதற்கும் அது பொருந்துமா? மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரே தொடரை ஒரு குழுவுக்கு ஒரே மூச்சில், இன்னொன்றுக்கு நாளுக்கு ஒன்றாக, மற்றொன்றுக்கு வாரம் ஒன்றாகக் காட்டினார்கள். 2017இல் வந்த முடிவு: மறுநாள் கேட்டால் ஒரே மூச்சில் பார்த்தவர்களே நன்றாகச் சொன்னார்கள். 140 நாள் கழித்துக் கேட்டபோது அதிகம் மறந்ததும் அவர்களே. வாரம் ஒன்று பார்த்தவர்களின் நினைவுதான் மிகக் குறைவாகத் தேய்ந்தது. ஒரே மூச்சில் பார்த்தவர்களுக்கு ரசனையும் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது.

இன்றைய இளம் ரசிகருக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. பெரும்பாலும் முடிவும் தெரியும், பெரியப்பா முதல் நாளே உளறியிருப்பார். அப்புறமும் ரசிக்கிறார்களே? கலிஃபோர்னியாவில் 2011இல் செய்த ஒரு சோதனையில், அகதா கிறிஸ்டி உள்ளிட்டோரின் சிறுகதைகளை முடிவு தெரிந்து படித்தவர்கள் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். 2015இல் வேறொரு சோதனை இதற்கு நேர்மாறாகச் சொன்னது, வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் மீண்டும் மீண்டும் பார்க்கிறவர்களைக் கேட்டால் விளக்கம் எளிது. முதல்முறை 'யார்' என்று தேடுகிறோம். அடுத்தமுறை, கண்ணெதிரே கிடந்த தடயத்தை எப்படித் தவறவிட்டோம் என்று தேடுகிறோம். 'விடாது கருப்பு' இந்த இரண்டாம் தேடலுக்குத் தாராளமாக இடம் தருகிறது. சாமியை நம்புகிறவரும் மனநல மருத்துவரை நம்புகிறவரும் ஒரே காட்சியைத் தத்தம் பக்கத்துச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் முதல் கட்சி, பிள்ளைகள் இரண்டாம் கட்சி என்று ஒரே வீட்டுக்குள் இது நடக்கும்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த எபிசோடைத் தொடப்போகும் விரலை மடக்கி, வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பார்க்காமல் வீட்டாரைக் கூட்டி உட்காரவையுங்கள், சண்டை போட ஆள் வேண்டும். பெரியப்பா வாயைத் திறந்தால் தடுக்க வேண்டாம். ஒரு சோதனையாவது அவர் பக்கம் இருக்கிறது.