ஆக்ஸிடோசின்: பாடநூலின் ஒரு வரிக்கு அப்பால்

நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தில் ஆக்ஸிடோசினுக்கு நாம் ஒதுக்கும் நேரம் இரண்டு நிமிடம்கூட இருக்காது. பிட்யூட்டரியின் பின்கதுப்பிலிருந்து வெளிவருகிறது. குழந்தைப்பேற்றின்போது கருப்பையைச் சுருங்கச் செய்கிறது. தாய்ப்பால் வெளியேற உதவுகிறது. ஒரு மதிப்பெண் வினாவுக்கு இது போதும். ஆனால் மாணவர்கள் இதே பெயரைக் கைப்பேசியில் வேறு விதமாகக் கேட்கிறார்கள். ‘அன்பு ஹார்மோன்’, ‘அரவணைப்பு ஹார்மோன்’ என்று காணொளிகள் பேசுகின்றன. தினமும் இத்தனை முறை கட்டியணைத்தால் இது பெருகும், கவலை தீரும் என்று செய்திகள் வருகின்றன. இதில் எது உறுதியான அறிவியல், எது மிகை என்று மாணவர் கேட்டால் விடை சொல்ல நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

பெயரும் அமைப்பும்

1906-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி டேல், பிட்யூட்டரியின் பின்கதுப்பிலிருந்து எடுத்த சாறு கருவுற்ற பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். ‘விரைவான பிறப்பு’ என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து இந்த ஹார்மோனின் பெயர் பிறந்தது. அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ 1953-இல் இதன் அமைப்பைக் கண்டறிந்து, ஆய்வகத்திலேயே உருவாக்கியும் காட்டினார். 1955-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

ஆக்ஸிடோசின் மிகச் சிறிய மூலக்கூறு. இதில் 9 அமினோ அமிலங்களே உள்ளன. சிறுநீரகத்தில் நீரை மீட்கும் வாசோபிரஸினிலும் 9 அமினோ அமிலங்கள்தான். இரண்டுக்கும் வேறுபாடு இரண்டே அமினோ அமிலங்களில் இருக்கிறது.

மாணவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. இந்த ஹார்மோனை உருவாக்குவது ஹைபோதலாமஸ். அதைச் சேமித்து இரத்தத்தில் விடுவது மட்டுமே பிட்யூட்டரியின் பின்கதுப்பின் வேலை.

பால் இறங்குவது எப்படி?

பெரும்பாலான ஹார்மோன்கள் எதிர்மறைப் பின்னூட்டத்தால் கட்டுப்படுத்தப்படுகின்றன. தைராக்ஸின் அளவு கூடினால் அதன் சுரப்பு குறைகிறது. பிரசவத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்துகிறது, அந்த நரம்புச் செய்தி மூளைக்குச் செல்கிறது, ஆக்ஸிடோசின் வெளிவருகிறது, கருப்பை சுருங்குகிறது, அழுத்தம் மேலும் கூடுகிறது. குழந்தை பிறக்கும்வரை இந்தச் சுழற்சி தொடர்கிறது. நேர்மறைப் பின்னூட்டத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கைத் தடுக்க மருத்துவமனைகளில் போடப்படுவதும் இந்த ஹார்மோன்தான்.

பால் கொடுப்பதிலும் இதன் பங்கு முக்கியமானது. பாலை உற்பத்தி செய்வது புரோலாக்டின். பால் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைத்தன்மையுள்ள செல்களைச் சுருக்கி, பாலை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின். மாடு வளர்க்கும் வீட்டு மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. முதலில் கன்றை ஊட்டவிட்டு, மடியில் பால் இறங்கியபின் கறப்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். புதிய ஆள் கறக்க உட்கார்ந்தால், அல்லது மாடு மிரண்டால், பால் இறங்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தாய்மார்களுக்கும் அப்படித்தான். குழந்தையின் அழுகுரல் கேட்டாலே பால் கசிவதுண்டு; அச்சமும் பதற்றமும் இருந்தால் பால் இறங்கத் தாமதமாகும். ஆக, இந்த ஹார்மோன் சூழ்நிலையைப் பொறுத்தே செயல்படுகிறது. பின்னால் சொல்லப்போகும் ஆய்வுகளைப் புரிந்துகொள்ள இது உதவும்.

உறவுகளில் இதன் பங்கு

ஆக்ஸிடோசின் இரத்தத்தில் மட்டும் செல்வதில்லை. ஹைபோதலாமஸ் நரம்பு செல்கள் மூளையின் பிற பகுதிகளிலும் இதை விடுகின்றன. அங்கே அது உறவுகளோடு தொடர்புடைய செயல்களில் பங்கேற்கிறது என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவை வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும், எலி போன்ற ப்ரேரி வோல்கள். இவை இணையோடு நிலையாக வாழ்பவை. இவற்றின் நெருங்கிய உறவினமான மலை வோல்கள் அப்படி வாழ்வதில்லை. இரண்டு இனங்களிலும் ஆக்ஸிடோசின் ஏற்பிகள் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் அமைந்திருப்பதை 1990-களின் ஆய்வுகள் காட்டின.

கதை இதோடு முடியவில்லை. ஆக்ஸிடோசின் ஏற்பியே இல்லாதவாறு மரபணு திருத்தம் செய்யப்பட்ட ப்ரேரி வோல்களும் இணையோடு பிணைப்பை ஏற்படுத்திக்கொள்வதாக 2023-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. உறவு என்பது ஒரே ஒரு வேதிப்பொருளின் வேலை அல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

“அப்பாவுக்கும் சுரக்குமா, டீச்சர்?”

இந்தப் பாடத்தை நடத்தியபோது, தந்தையிடம் மட்டும் வளரும் மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. பாடநூலின் வரியை மட்டும் படித்தால், இது பெற்ற தாய்க்கு மட்டுமே உரியது என்று குழந்தைகள் எண்ணிக்கொள்ள வாய்ப்புண்டு. உண்மையில் ஆண், பெண் இருபாலரிடமும் ஆக்ஸிடோசின் சுரக்கிறது. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை பிறந்தபின் வந்த முதல் ஆறு மாதங்களில் தாய், தந்தை இருவரிடமும் இதன் அளவு உயர்ந்திருந்தது. தாய்மாரிடம் அது குழந்தையை வருடிக் கொஞ்சுவதோடும், தந்தையரிடம் குழந்தையோடு விளையாடுவதோடும் தொடர்புற்றிருந்தது. விளையாடுவதால் ஹார்மோன் கூடியதா, ஹார்மோன் கூடியதால் விளையாடினார்களா என்பதை இத்தகைய ஆய்வு மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்த மாணவியின் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று தயங்காமல் விடை சொல்லலாம்.

சூரிச் ஆய்வும் அதன் தொடர்ச்சியும்

‘அன்பு ஹார்மோன்’ என்ற பெயர் பரவ ஒரு முக்கியக் காரணம் 2005-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை. முன்பின் தெரியாத ஒருவரிடம் பணத்தை நம்பி ஒப்படைக்கும் விளையாட்டில் ஆண்கள் ஈடுபடுத்தப்பட்டனர். மூக்கின் வழியே ஆக்ஸிடோசின் தெளிப்பு பெற்ற 29 பேரில் 45 விழுக்காட்டினர் முழுத் தொகையையும் ஒப்படைத்தனர். மருந்தில்லாத தெளிப்பு பெற்றவர்களில் அப்படிச் செய்தோர் 21 விழுக்காடு மட்டுமே. உலகெங்கும் இது செய்தியானது.

பின்னர் பலர் இதைத் திரும்பச் செய்து பார்த்தனர், முடிவுகள் ஒத்துவரவில்லை. 600-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், ஆக்ஸிடோசின் பொதுவாக நம்பிக்கையைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. முதல் ஆய்வு மோசடி என்று இதற்குப் பொருளில்லை. குறைந்த எண்ணிக்கையில் கிடைத்த முடிவு பெரிய எண்ணிக்கையில் நிலைக்கவில்லை, அவ்வளவே.

இன்னொரு ஆய்வும் நம் கவனத்துக்கு உரியது. 2010, 2011 ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாமில் கார்ஸ்டன் டி ட்ரூ குழுவினர் ஆண்களிடம் நடத்திய சோதனைகளில், ஆக்ஸிடோசின் தன் குழுவினர் மீதான சார்பைக் கூட்டியது. எல்லோரிடமும் ஒரே சீராக அன்பு பெருகவில்லை. இவையும் ஆய்வகச் சோதனைகளே. இறுதி முடிவுகள் அல்ல. எனினும், ‘அன்பு ஹார்மோன்’ என்ற பெயர் முழு உண்மை அல்ல என்பது தெளிவாகிறது.

பெற்றோர் கேட்டால்

இந்தச் செய்திகளால் அதிகம் அலைக்கழிக்கப்படுபவர்கள் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர். ‘இந்த மருந்தை மூக்கில் விட்டால் பிள்ளை நன்றாகப் பழகுமாமே?’ என்று அவர்கள் நம்மிடமும் கேட்கக்கூடும். அமெரிக்காவில் 3 முதல் 17 வயது வரையிலான 290 குழந்தைகளிடம் 24 வாரங்கள் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. மருந்து பெற்றவர்களுக்கும் மருந்தில்லாத தெளிப்பு பெற்றவர்களுக்கும் இடையே, பிறரோடு பழகுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதைப் பெற்றோரிடம் கனிவோடு சொல்லலாம். இணையத்தில் பார்த்து எதையும் வாங்க வேண்டாம், மருத்துவரையும் சிறப்பாசிரியரையும் கலந்துகொள்ளுங்கள் என்று வழிகாட்டலாம். கடன் வாங்கியாவது மருந்து வாங்கிவிடத் துடிக்கும் பெற்றோருக்கு அந்த ஒரு சொல் பெரிய உதவி.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

1. நேர்மறை, எதிர்மறைப் பின்னூட்டங்களை அம்புக்குறிப் படங்களாக இரு குழுக்கள் வரைந்து ஒப்பிடலாம்.

2. கறவை மாடு பால் விடுவது, விடாதது பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். கிடைத்த விடைகளை ஹார்மோன் செயல்பாட்டோடு பொருத்திப் பார்க்கலாம்.

3. கைப்பேசியில் வந்த உடல்நலச் செய்தி ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, ‘எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? ஒப்பீட்டுக் குழு இருந்ததா? வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா?’ என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்கலாம். சூரிச் ஆய்வையே இதற்கு முதல் பயிற்சியாகக் கொள்ளலாம்.

மூன்றாவது செயல்பாட்டுக்கு ஒரு பாடவேளை முழுவதும் தேவைப்படும். அதை ஒதுக்கத் தயங்க வேண்டாம். ஹார்மோன்களின் பெயர்கள் தேர்வோடு மறந்துபோகலாம். இந்த மூன்று கேள்விகள் மாணவர்களுக்குப் பள்ளிக்கு வெளியிலும் பயன்படும்.