அர்ஜுனனே துரோணர் ஆன கதை

எந்த ஆபீஸிலும் இரண்டு ரக ஆசாமிகள் உண்டு. ஒருவர் வெளியே சுற்றி ஆர்டர் பிடித்துக்கொண்டு வருவார். மானேஜர் எழுந்து கை கொடுப்பார். டீ வரும், சமயத்தில் மைசூர்பாகும் வரும். இன்னொருவர் மூலையில் உட்கார்ந்து, தப்பான பில் எதுவும் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஒருத்தர் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு பில் தப்பிப் போகட்டும்... "கூப்பிடுய்யா அந்த ஆளை!"

கால்பந்தில் இந்த இரண்டாவது ஆசாமிக்கு 'பேக்' என்று பெயர்.

மதுரையில் சாயங்காலம் பையன்கள் பந்து உதைக்கிற எந்த மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். அத்தனை பேரும் கோல் போடவே அவதாரம் எடுத்தவர்கள். பேக்காக நிற்பவன் யார்? கடைசியாக வந்து சேர்ந்தவன். "மாப்ளே, நீ பின்னாடி நில்லுடா!" என்று சொன்னால் அது பதவி இல்லை, தண்டனை!

நான் பி.காம். எனக்கு எதையும் லெட்ஜரில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். போட்ட கோல் வரவுப் பக்கம் ஏறும். வாங்கிய கோல் பற்றுப் பக்கம் ஏறும். தடுத்த கோல்? அதற்குப் பக்கமே கிடையாது சார்!

அப்படிப் பக்கமில்லாத வேலையைப் பார்த்தே பெரிய ஆளானவர், ஹைதராபாத்தில் பிறந்த சையது நயீமுதீன். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் போன்ற கிளப்புகளில் பின்வரிசை காத்தவர். 1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர்தான் நம் காப்டன். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானை 1-0 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கினோம். ஒரு கோல் போட்டவர்கள் சரி. ஒன்றுகூட விடாமல் பார்த்துக்கொண்டவர்கள்? அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குப் பதக்கமே இல்லை என்பதை யோசித்தால்தான் அதன் கனம் தெரியும்.

அவருக்கு அர்ஜுனா விருது கொடுத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் கோச் ஆனார். 1990-ல் அவரிடம் பயிற்சி பெற்ற ஈஸ்ட் பெங்கால், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, டூரண்ட், ரோவர்ஸ் என்று மூன்று கோப்பைகளையும் ஒரே வருஷத்தில் அள்ளியது. அதே வருஷம் துரோணாச்சாரியார் விருதும் வந்தது. மகாபாரதத்தில் வில் பிடித்தவர் ஒருவர், சொல்லிக் கொடுத்தவர் வேறொருவர். இங்கே இரண்டு வேஷமும் ஒரே ஆளுக்கு!

பேக்காக இருந்தவர் மானேஜர் ஆவதில் ஒரு சௌகரியம் உண்டு. முன்னால் நிற்பவன் கண்ணுக்குக் கோல் கம்பம்தான் தெரியும். பின்னால் நிற்பவனுக்கோ மொத்த மைதானமும் தெரியும். யார் ஓடுகிறான், யார் ஓடுகிற மாதிரி நடிக்கிறான் என்பது உட்பட! நயீமுதீன் கறார் பேர்வழி என்று பெயர் எடுத்ததில் ஆச்சரியமில்லை.

இங்கிலாந்தின் ஜாக் சார்ல்ட்டனும் இந்த ரகம்தான். லீட்ஸ் அணியின் பேக். 1966-ல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். தம்பி பாபி கோல் போட்டு உலகப் புகழ் அடைந்தார். அண்ணன் பின்னால் நின்றார். 1986-ல் அயர்லாந்து அணிக்கு மானேஜர் ஆனார். 1990 உலகக் கோப்பையில் அயர்லாந்து கால் இறுதி வரை போனது. ஆடியது 5 ஆட்டம். போட்டது எத்தனை கோல் தெரியுமா? பெனால்டி ஷூட் அவுட்டை விட்டுவிட்டால், இரண்டே இரண்டு!

அதற்காகப் பேக்குக்கு மட்டும்தான் மானேஜர் யோகம் என்று முடிவு கட்ட வேண்டாம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய நம் தமிழர் சைமன் சுந்தரராஜ் முன்வரிசைக்காரர். 1973-ல் கேரளா முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது கோச் அவர்தான்.

இனிமேல்தான் கசப்பு. நயீமுதீன் பயிற்சியில் இந்தியா 1997-ல் காத்மாண்டுவில் தெற்காசியக் கோப்பையை வென்றது. 2005-ல் கராச்சியில் மறுபடியும் வென்றது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் ஆசியக் கோப்பை தகுதிச் சுற்று. எதிரே அதே ஜப்பான். முன்பு ஒரு கோல்கூடக் கொடுக்காத காப்டன் இப்போது கோட்டுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு கோல்! அதே 2006-ல் அவர் இடத்துக்கு இங்கிலாந்துக்காரர் பாப் ஹவுட்டன் வந்துவிட்டார்.

இரண்டு வேலைக்கும் வித்தியாசம் இவ்வளவுதான். பேக்காக இருக்கும்போது பந்து தாண்டிப் போனால் நம் காலை நீட்டலாம். மானேஜர் ஆகிவிட்டால் கால் துடிக்கும், நீட்ட முடியாது. அடுத்தவன் காலைத்தான் நம்ப வேண்டும். அவன் தவறவிட்டால் திட்டு மட்டும் நமக்கு.

புதுசாக ஆபீசர் ஆகியிருக்கும் தம்பிகளே! கீழே இருக்கிற பையன் செய்வது அரைகுறையாகத் தெரிகிறதா? "கொடுடா, நானே போட்டுடறேன்" என்று கை பரபரக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் இப்போது கோட்டுக்கு வெளியே!