முரசுக்குள் ஒரு கம்பி, வாய்க்குள் ஒரு மிடறு தண்ணீர்

1970இல் இலங்கை மலையகத்தின் பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், ஹரோ தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ இந்த ஆய்வை வழிநடத்தினார். அந்த ஆண்களுக்குப் பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ கிடையாது. சூத்தைப் பல் அபூர்வம். முரசு மட்டும் வீங்கிக் கிடந்தது. பல்லடியில் காரை கல்லாக இறுகியிருந்தது.

கையிலிருந்த கருவி மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி. பல்லுக்கும் முரசுக்கும் நடுவே அதைச் செருகி, பிடிமானம் எவ்வளவு இறங்கிவிட்டது என்று அளந்தார்கள். 1985 வரை திரும்பத் திரும்ப அளந்ததில், நூற்றுக்கு 8 பேருக்கு முரசு விரைவாக அழிந்தது. 81 பேருக்கு மெல்ல அழிந்தது. 11 பேருக்கு வீக்கத்தோடு நின்றது. 35 வயதில் முதல் கூட்டத்தார் சராசரியாக 9 மில்லிமீட்டர் பிடிமானத்தை இழந்திருந்தார்கள். கடைசிக் கூட்டத்தார் 1 மில்லிமீட்டர்கூட இழக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரித் தோட்ட வாழ்க்கைதான்! உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் கணக்கு இது. 2010இல் அவர்களில் 75 பேரைத் தேடிப்பிடித்து மீண்டும் பார்த்தார்கள்.

கம்பி சொல்வது போன சேதத்தை. இப்போது உள்ளே அழிவு நடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இன்று அதைக் கேட்கும் வழி வந்திருக்கிறது. முரசு அழியும்போது வெள்ளணுக்கள் எம்எம்பி-8 என்ற நொதியைக் கொட்டுகின்றன. பல்லைத் தாங்கும் கொலாஜன் நாரை அறுப்பது அதுதான். அரை நிமிடம் வாய் கொப்பளித்த நீரை ஒரு சோதனைப் பட்டையில் விட்டால், ஐந்து நிமிடத்தில் கோடு விழும். இரண்டு கோடென்றால் நொதி அளவு கடந்துவிட்டது. எந்தப் பல்லில் என்று பட்டை சொல்லாது; அதற்குக் கம்பிதான் வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு அழிவு அடங்கியதா என்று பார்க்கவும் இதே சோதனை உதவும்.

பேராதனை பல் வைத்தியசாலைக்குப் போய்வர ஒரு நாள் பேர் போய்விடும் என்று தயங்குகிறவருக்கு, தோட்ட டிஸ்பென்சரியிலேயே கொப்பளித்துத் துப்பிப் பார்க்கக்கூடிய சோதனை எவ்வளவு பெரிய உதவி! முரசு நோயின் போக்கை உலகுக்குக் காட்டிய வாய்கள் மலையகத்தாருடையவை. இந்தப் பட்டை முதலில் போய்ச் சேரவேண்டிய இடமும் மலையகம்தான் என்பேன். ஆனால் பட்டை மட்டும் போகக்கூடாது. அன்று அளந்தார்கள், வைத்தியம் செய்யவில்லை. இம்முறை இரண்டு கோடு விழுந்தவருக்குக் காரை சுரண்ட ஒரு பல் வைத்தியரும் கூடவே போகவேண்டும்.