கஞ்சியும் வேட்டியும்

கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்த பருத்தி வேட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கஞ்சி எதனால் ஆனது? பெரும்பாலும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையால். வேட்டி எதனால் ஆனது? அதுவும் பெரும்பாலும் குளுக்கோஸால்தான்! அப்படியானால் துவைக்கும்போது கஞ்சி மட்டும் கரைந்து போவானேன்? கஞ்சியைக் குடித்தால் பசி தீருகிறது. வேட்டியைத் தின்றால் தீராதே, ஏன்?

இவ்விரண்டிலும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்துச் சங்கிலிகளாக நிற்கின்றன. இத்தகைய சங்கிலிகளுக்குப் பாலிசாக்கரைடுகள் என்று பெயர். கஞ்சியில் இருப்பது ஸ்டார்ச். பருத்தியில் இருப்பது செல்லுலோஸ். வேறுபாடெல்லாம் கைகோக்கும் முறையில்தான் இருக்கிறது. ஸ்டார்ச்சில் குளுக்கோஸ் வளையங்கள் யாவும் ஒரே பக்கம் பார்த்தபடி இணைகின்றன. இது ஆல்ஃபா இணைப்பு. செல்லுலோஸிலோ ஒன்று நேராகவும் அடுத்தது தலைகீழாகவும் மாறி மாறி வருகின்றன. இது பீட்டா இணைப்பு.

இந்தச் சிறு திருப்பம் செய்யும் வேலையைப் பாருங்கள்! ஸ்டார்ச் சங்கிலி வளைந்து, சுற்றுக்கு 6 குளுக்கோஸ் வீதம் சுருள்வில் போலாகிறது. வேகவைத்த பின் இச்சுருள்களுக்கிடையே தண்ணீர் எளிதில் புகும். செல்லுலோஸ் சங்கிலி நாடாவைப் போல் நேராக நீள்கிறது. நேரான நாடாக்கள் நெருங்கிப் படுத்துக்கொள்ள, அவற்றுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் தோன்றுகின்றன. தனியாகப் பார்த்தால் இப்பிணைப்பு வலுவற்றது. எண்ணற்றவை சேரும்போதோ, தண்ணீரால் நாடாக்களைப் பிரிக்க முடிவதில்லை.

சுருள் இருப்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கஞ்சியிட்ட துணித்துண்டின் மீது, தண்ணீர் கலந்த டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீல நிறம் தோன்றும். அயோடின் சுருளுக்குள் வரிசையாகப் புகுந்து நிற்பதால் வரும் நிறம் அது. பலமுறை துவைத்த பழைய துணியில் பழுப்புக் கறைதான் படியும். (கந்தல் துணியில் செய்யுங்கள், அப்பாவின் வேட்டிக்கு நான் பொறுப்பல்ல!)

நம் உமிழ்நீரிலும் கணைய நீரிலும் உள்ள அமைலேஸ் என்னும் நொதி ஆல்ஃபா இணைப்பை வெட்டும். பீட்டா இணைப்பைத் தொடாது. எனவே வைக்கோற்போரின் நடுவே இருந்தாலும் மனிதன் பட்டினிதான். மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களுக்குப் பீட்டா இணைப்பை வெட்டத் தெரியும். மாடு சுவரொட்டியைக் கிழித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்களே! தாளில் செல்லுலோஸ், மாவுப்பசையில் ஸ்டார்ச். இரண்டும் அதற்கு உணவே. அச்சு மையும் உள்ளே போகிறதே என்பது வேறு கவலை.

விலங்குகள் குளுக்கோஸைச் சேமிப்பது கிளைகோஜென் வடிவில். பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட் 1857-இல் இதைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்தார். இதிலும் ஆல்ஃபா இணைப்புதான். ஆனால் மரம்போல் கிளைகள் மிகுதி. குளுக்கோஸை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன? என் பாடமான இயற்பியல் இங்கேதான் குறுக்கிடுகிறது. சவ்வூடு பரவல் அழுத்தம் கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அவற்றின் பருமனை அன்று. அவ்வளவு குளுக்கோஸும் தனித்தனியே கரைந்து கிடந்தால், தண்ணீர் உள்ளே பாய்ந்து செல் உப்பி வெடித்துவிடும். பல்லாயிரம் குளுக்கோஸ் சேர்ந்து ஒரே துகளாகிவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

கிளைகள் எதற்கு? நொதிகள் குளுக்கோஸை நுனியிலிருந்துதான் கழற்றுகின்றன. நுனிகள் பல என்றால், ஒரே நேரத்தில் பல இடங்களில் வேலை நடக்கும். புறப்பட்டுவிட்ட பஸ்ஸைப் பிடிக்க நீங்கள் ஓடும்போது, உங்கள் தொடைத் தசையில் இதுவே நடக்கிறது.

கல்லீரலின் இருப்பு ஏறத்தாழ 100 கிராம்தான். ஒரு நாள் முழுப் பட்டினியில் அது அநேகமாகத் தீர்ந்துவிடும். மூளையோ ஓயாமல் குளுக்கோஸ் கேட்கும். அப்போது உடல் தன் தசைப் புரதத்தைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்யத் தொடங்குகிறது.