இரு மடங்கு ஆபத்து என்றால் எவ்வளவு?

புதிய மருந்தைப் பரிசீலித்து விற்பனைக்கு அனுமதி தருவது மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் வேலையில் ஒரு பாதிதான். விற்பனைக்கு வந்த மருந்தில் ஆபத்து தெரியவந்தால் அதை மக்களுக்கு எடுத்துச் சொல்வது மறு பாதி. ஆபத்தை மறைத்தால் உயிர்ச்சேதம் நேரும். அளவு புரியாதபடி சொன்னாலும் சேதம் நேரும். இரண்டாவது வகைச் சேதம் எப்படி நிகழ்கிறது என்பதற்குப் பிரிட்டன் தந்த பாடம் இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் பேசப்படுகிறது.

1995 அக்டோபர் 18 அன்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஒரு அவசர எச்சரிக்கை விடுத்தது. டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடீன் ஆகியவை கலந்த புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளைச் சாப்பிடும் பெண்களுக்கு ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்து, பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்டால் சுமார் இரு மடங்கு என்பதே செய்தி. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்ற அறிவுரையும் அதில் இருந்தது. ஆனால் குழுவின் கடிதம் பல மருத்துவர்களின் கைக்குப் போய்ச் சேருமுன்பே தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் ‘இரு மடங்கு’ என்று முழங்கிவிட்டன. விளக்கம் கேட்டு வந்த பெண்களுக்குப் பதில் சொல்ல மருத்துவர்களிடம் விவரம் இல்லை. பலர் அட்டையில் மீதமிருந்த மாத்திரைகளை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்த இரு மடங்கின் உண்மையான அளவு சிறியது. பழைய மாத்திரை சாப்பிடும் 7,000 பெண்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒருவருக்கு ரத்தக் கட்டி வரும். புதிய மாத்திரையில் அது இருவர். கருவுற்ற பெண்களில் இந்த எண்ணிக்கை நான்கை ஒட்டி வரும். அதாவது, பயந்து மாத்திரையை நிறுத்திக் கருவுற்றவர்கள், தவிர்க்க நினைத்ததைவிடப் பெரிய ஆபத்துக்குள் போனார்கள். அடுத்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்பது கணிப்பு.

குழு சொன்னதில் பொய் இல்லை. சொன்னது விகிதம், மக்களுக்குத் தேவைப்பட்டது எண்ணிக்கை. எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்பது தெரியாமல் மடங்கை மட்டும் வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் தாளிலும் இதே சிக்கல் உண்டு. ஐரோப்பிய விதிகளின்படி, 100 பேரில் 1 முதல் 10 பேருக்கு வரும் பக்கவிளைவு ‘பரவலானது’. 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வருவது ‘மிக அரிதானது’. வெறும் சொல்லைப் படிப்பவர்கள் ஆபத்தைப் பன்மடங்கு கூட்டியே மதிப்பிடுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டின. அதனால் ‘10 பேரில் ஒருவர் வரை’ என்ற எண்ணும் சொல்லோடு சேர்த்து அச்சிடப்படுகிறது.

மக்களுக்குச் சொல்ல வேண்டுமானால் முதலில் மக்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிகளின் குமட்டலுக்குத் தரப்பட்ட தாலிடோமைடு மாத்திரையால் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்தன. 1961 இறுதியில் அது திரும்பப் பெறப்பட்டபோது, பக்கவிளைவுகளை ஓரிடத்தில் திரட்டும் ஏற்பாடு பிரிட்டனில் இல்லை. அதன் விளைவாக 1964-இல் வந்தது மஞ்சள் அட்டைத் திட்டம். தொடக்கத்தில் மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் மட்டுமே அட்டையை நிரப்பி அனுப்பினார்கள். 2005-இலிருந்து நாடு முழுவதும் நோயாளிகளே அனுப்பலாம் என்றானது. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகமே போதும்.

2021-இல் இந்தத் திட்டத்துக்குப் பெரும் சோதனை வந்தது. இந்தியாவில் கோவிஷீல்டு என்ற பெயரில் போடப்பட்ட அஸ்ட்ராஜெனிகா தடுப்பூசிக்குப் பின் அரிய வகை ரத்தக் கட்டிகள் தோன்றுவதாக மஞ்சள் அட்டை வழியே தகவல்கள் வந்தன. பிரிட்டனில் மார்ச் 31 வரை போடப்பட்ட சுமார் 2 கோடி ஊசிகளுக்கு 79 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்களில் 19 பேர் இறந்தனர். ஏப்ரல் 7 அன்று கட்டுப்பாட்டு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ. இந்த எண்களை வெளிப்படையாக அறிவித்தது.

அன்று காட்டப்பட்ட வரைபடத்தில் ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் தீமை. நோய்ப்பரவல் குறைவாக உள்ள சூழலில், 16 வாரங்களில், 60 முதல் 69 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேரில் 14.1 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதைத் தடுப்பூசி தவிர்க்கும், 0.2 பேருக்குக் கடும் தீங்கு நேரலாம். 20 முதல் 29 வயதினரிடம் தவிர்ப்பது 0.8, தீங்கு 1.1. எனவே 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு வேறு தடுப்பூசி தரலாம் என்ற பரிந்துரையின் காரணம் பார்த்தவுடன் விளங்கியது. ஊசி போட்டு நான்கு நாட்களோ அதற்கு மேலோ ஆனபின் தீராத தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல், கால் வீக்கம் இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கவும் சொல்லப்பட்டது. 1995-இல் விடுபட்டவை இதில் இருந்தன: மடங்குக்குப் பதில் எண்ணிக்கை, இருபக்கக் கணக்கு.

மக்களுக்குச் சொல்லவும் மக்களிடம் கேட்கவும் இந்தியாவிலும் ஏற்பாடுகள் உண்டு. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, தரமற்றவை என்று சோதனையில் தெரியவந்த மருந்துகளின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறது. மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாத ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டைகளில் உள்ள செங்குத்துச் சிவப்புக் கோடு, படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டிய எச்சரிக்கை. பக்கவிளைவுகளைத் திரட்ட 2010-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தைக் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் ஒருங்கிணைக்கிறது. பொதுமக்களும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்துச் சொல்லலாம். தமிழிலும் படிவம் உண்டு. மருந்தின் பெயர், சாப்பிட்ட அளவு, எப்போது என்ன தொந்தரவு தொடங்கியது ஆகிய விவரங்களோடு மாத்திரை அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால், அந்தத் தகவல் கணக்கில் சேரும்.