கூட்டுழியமும் எழுதப்படாத உடன்படிக்கையும்

காலாப்பட்டு புதுவை ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தது; கடல் நீங்கலாக அதைச் சூழ்ந்திருப்பதோ தமிழ்நாட்டு நிலம். எல்லைகள் இவ்வாறு பின்னிக் கிடக்கும் இக்கரையில் எந்தச் சபையும் தனித்து ஊழியம் செய்வது அரிது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது பல சபைகள் கடலோரத்தில் கைகோத்து நின்றன. துயர் துடைக்கக் கூடுவது எளிது. ஆண்டுக்கணக்கில் கூடி உழைப்பதே கடினம். அது ஏன் என்பதற்கு இக்கரையின் பழைய வரலாறே விடை தருகிறது.

1706-இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கினார். அவரை அனுப்பியவர் டென்மார்க் மன்னர். ஊழியர்களும் தமிழ் அச்செழுத்துகளும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தன. அச்சு இயந்திரத்தை அனுப்பியது இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சங்கமாகிய எஸ்.பி.சி.கே. லுத்தரனும் ஆங்கிலிக்கனும் இவ்வாறு கூடியதால் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. புதுவைக்குத் தெற்கேயுள்ள கடலூரிலும் 1737-இல் அதே சங்கத்தின் ஆதரவில் லுத்தரன் ஊழியர் பணி தொடங்கினர். அதற்கு முன்பே, 1733-இல், கடலூரில் பிறந்த ஆரோன் தரங்கம்பாடியில் போதகராக அருட்பொழிவு பெற்றிருந்தார். 1758-இல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடிக்கவே, அங்கிருந்த கீர்நாந்தர் கல்கத்தாவுக்குப் பெயர்ந்தார். போர் ஊழியரைச் சிதறடித்தது. ஆயினும் கூட்டுறவு முறியவில்லை.

அதை முறிக்கக்கூடிய கேள்வி வேறொன்று. அருட்பொழிவு அளிக்க யாருக்கு அதிகாரம்? 1790-இல் தஞ்சையில் சத்தியநாதன் லுத்தரன் முறைப்படி அருட்பொழிவு பெற்றபோது ஆங்கிலிக்கன் சங்கம் அதை மனமகிழ்ந்து ஏற்றது. இந்தியாவில் அப்போது ஆங்கிலிக்கன் பேராயர் எவரும் இல்லை. ஆகவே கேள்வி எழவில்லை. 1814-இல் கல்கத்தாவுக்குப் பேராயர் வந்து சேர்ந்தார். அதன்பின் சி.எம்.எஸ். என்னும் மற்றொரு ஆங்கிலிக்கன் சங்கத்தின்கீழ், நெல்லையில் உழைத்த லுத்தரன் ஊழியர் ரேனியஸ், தமிழ் உபதேசியார்களுக்குத் தம் சபை முறைப்படியே அருட்பொழிவு அளிக்க விரும்பினார். சங்கம் பேராயர் கையாலேயே ஆகவேண்டும் என்றது. அவர் ஆங்கிலிக்கன் முறைமைகளைக் கண்டித்தும் எழுதியபின், 1835-இல் சங்கம் அவரை நீக்கியது. நெல்லைச் சபைகள் பிளவுண்டன. 1838-இல் அவர் மறைந்தபிறகே பெரும்பாலோர் மீண்டும் ஒன்றுகூடினர்.

எவரையும் தீயவர் என்று கூற நாம் துணியோம். பணம், காகிதம், ஆள் ஆகியவற்றைப்பற்றித் தெளிவாகப் பேசியவர்கள் அதிகாரத்தைப்பற்றிப் பேசாமல் விட்டதே குறை. அருட்பொழிவு யாருக்காகவோ அந்தத் தமிழ்ச் சபையாருக்கு முடிவு செய்த அவையில் இருக்கையே இல்லை என்பது அதனினும் பெரிய குறை. பிலிப்பி சபையின் உதவியைப்பற்றி எழுதும் பவுல், வணிகரின் கணக்குச் சொற்களைக் கூச்சமின்றிக் கையாளுகிறார். நம் சபைகளோ கணக்குக் கேட்பதை அன்புக் குறைவாக எண்ணுகின்றன! யார் அனுப்புவது, யார் திரும்ப அழைப்பது, கட்டடம் யார் பெயரில், உதவி என்று முடியும் என்பனவற்றை முதல் நாளிலேயே எழுதிவைத்தல் அவநம்பிக்கை ஆகாது.

1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இக்கேள்வியை ஒளிக்கவில்லை. முன்னரே அருட்பொழிவு பெற்ற போதகர் யாவரும் அவ்வாறே ஏற்கப்பட்டனர். இனிவரும் அருட்பொழிவு பேராயர் கையால் என்று முடிவாயிற்று. லுத்தரன் சபைகள் அவ்வொன்றிப்பில் சேரவில்லை. எனினும் 1969-இல் தமிழ்நாட்டு லுத்தரன் சபைகளும் தென்னிந்தியத் திருச்சபைப் பேராயங்களும் இணைந்து தமிழ்நாடு இறையியல் கல்லூரியை நிறுவின. மதுரை அரசரடியில் இவர்கள் ஒரே வகுப்பில் பயிலுகின்றனர். அருட்பொழிவு அளிப்பது அவரவர் சபையே.