புதர்க்காட்டு வேட்டை ரைபிள்

அடர்ந்த புதர்க்காடுகளில் வேட்டையாட ஏற்ற, குட்டையான, எடை குறைந்த ரைபிள்களை வட அமெரிக்க வேட்டைக்காரர்கள் 'பிரஷ் கன்' என்று அழைக்கின்றனர். அக்காடுகளில் வெண்வால் மான் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான் கண்ணில் படும். அதுவும் சில நொடிகளே. எனவே நெடுந்தூரம் சுடும் திறனைவிட, கிளைகளில் சிக்காமல் சட்டென்று தோளுக்கு உயர்த்த முடிவதே முக்கியம்.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894, இவ்வகையில் புகழ்பெற்றது. இதன் கார்பைன் வடிவத்தில் குழலின் நீளம் 20 அங்குலம். எடை ஏறத்தாழ 3 கிலோ. 1948இல் வெளிவந்த மார்லின் 336உம் இத்தகையதே. இரண்டிலும் தோட்டாக்கள் குழலின் அடியிலுள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். கூர்முனைக் குண்டுகளை இட்டால், அதிர்வின்போது பின்னுள்ள குண்டின் முனை முன்னுள்ள தோட்டாவின் எரியூட்டியைத் தாக்கி வெடிக்கச் செய்யக்கூடும். ஆகவே தட்டைமுனைக் குண்டுகளே வழக்கம்.

கனமான, மெதுவாகச் செல்லும் குண்டு புதரைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும் என்பது வேட்டைக்காரரிடையே நெடுநாளாக நிலவும் நம்பிக்கை. இது சரியன்று. சிறு குச்சியும் எந்தக் குண்டையும் திசைதிருப்பக்கூடும். குச்சி மானை ஒட்டி இருந்தால் விலகல் சிறிது. சுடுபவருக்கு அருகில் இருந்தாலோ குண்டு குறி தவறும், அல்லது மான் காயத்தோடு ஓடிப் புதருக்குள் மறைந்து சாகும். இடைவெளி தெரியும்வரை காத்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் சுடாமல் விடுவதே முறை.

ஸ்கோப் பொருத்துவோர் 1 முதல் 4 மடங்கு வரை உருப்பெருக்கும், அகன்ற பார்வையுள்ள ஒன்றைத் தேர்வர். இலைகளுக்குப் பின் அசைவது மானா, மற்றொரு வேட்டைக்காரரா என்று அறிய இது உதவும். இந்த ஆபத்தினால்தான் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டையின்போது பளிச்சிடும் ஆரஞ்சு நிற உடை கட்டாயம்.